மாற்றென்றால் நானூற்றுப் பத்து

பெனின்சுலா பிளாசாவின் கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னிருந்து
லென்ஸை வெளிச்சத்துக்குத் தூக்கினார் கடைக்காரர்.
ஒரு கண்ணை மூடி மறு கண்ணால்
என் பத்து வருடத்தை ஊடுருவிப் பார்த்தார்.
பூஞ்சை இல்லை. தூசி இரண்டு.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்:
பணமென்றால் முந்நூற்று இருபது வெள்ளி.
மாற்றென்றால் நானூற்றுப் பத்து.

ஒரே லென்ஸ். ஒரே மத்தியானம்.
நடுவில் தொண்ணூறு வெள்ளி.

சிட்டி ஹால் படியிறங்கும்வரை
அந்தத் தொண்ணூறையே நினைத்துக்கொண்டு வந்தேன்.
எங்கே குடியிருக்கிறது அது?
அந்தக் கடைக்குள் மட்டும் உயிரோடிருக்கிறது
தொட்டி மீன் மாதிரி.
வெளியே எடுத்து வந்தால்
ஒரு தே-ஓ கூட வாங்காது.
இன்னொன்றின்மேல் எனக்கு ஆசை வரும் என்று
அவர் கட்டிவைக்கும் முன்பணம்.

வீட்டில் குளிர்பெட்டி செத்து இரண்டு நாள்.
மீன் குழம்பு எதிர்வீட்டு ஹாமிடாவிடம்
அடைக்கலம் புகுந்திருக்கிறது,
தினம் இரண்டு கரண்டி வாடகைக்கு.
குளிர்பெட்டிக்காரன் லென்ஸ் வாங்குவதில்லை.

ஆகவே கைப்பேசியில் படம் போட்டேன்:
முந்நூற்று எழுபது. பணம் மட்டும். மாற்று வேண்டாம்.
முதலில் வந்த கேள்வியே
மாற்றுக்கு வருவீர்களா என்பதுதான்.
ஒருவர் தூண்டில் தருவதாகச் சொன்னார்.
ஒருவர் மூன்றே மாதம் ஓடிய ஏர் ஃப்ரையர்,
நூற்றைம்பது பெறும் என்றார்.
பெறும்தான், யார் கையில்?
லென்ஸ்கிங்88 என்ற ஒருவன்
முக்காலியும் பிளாஷும் தருகிறேன்,
இரண்டும் சேர்த்து ஐநூறு மதிப்பு என்றான்.

மதிப்பு.
தன் பொருளென்றால் மதிப்பு.
என் பொருளுக்கு மட்டும்
"கடைசி விலை என்ன, சிஸ்?"

நான் மட்டும் என்னவாம்.
அந்த இரண்டு தூசியை
விளம்பரத்தில் எழுதவேயில்லை.

முந்நூற்று ஐம்பதில் வந்து நின்றோம்.
கடையின் பணத்துக்கு மேலே முப்பது,
கடையின் மாற்றுக்குக் கீழே அறுபது,
இரண்டுக்கும் நடுவில் எங்கேயோ
பாய லேபார் ரயில் நிலையம்.

சனிக்கிழமை இரவு எட்டு மணி.
நான் வாயிலுக்கு உள்ளே, அவன் வெளியே.
அட்டையைத் தட்டினால் கட்டணம் போகுமே என்று
தடுப்பின் மேலாகக் கை நீட்டினேன்.
கிங் இருபதுகூட ஆகாத பையன்.
ராணுவ மொட்டை, கடித்த நகங்கள்.
பின்மூடியைக் கழற்றிக் கொடுத்தேன்.
தன் கேமராவில் பொருத்தினான்.
சோதனைக்கு ஒன்று. டிக்.
திரையை உற்றுப் பார்த்தான், எனக்குக் காட்டவில்லை.

இரண்டு தூசி இருக்கிறது, என்றேன் கடைசி நொடியில்.
"படத்தில் வராது, சிஸ்."
விற்பவன் அவன்தான் என்பதுபோல் சொன்னான்.

கைப்பேசி அதிர்ந்தது.
முந்நூற்று ஐம்பது வெள்ளி.
அனுப்பியவர்: ஃபூ யோங் ஹுவி.
பணம் வந்த பிறகுதான் பெயரும் வந்தது.

வீட்டில் பையைக் கவிழ்த்தால்
உருண்டு வருகிறது பின்மூடி.
அது இல்லையென்றால் கடையில் பத்து வெள்ளி கழிப்பார்கள்.
அதை மட்டும் விற்கப் போனால்
இரண்டு வெள்ளிக்கும் ஆளிருக்காது.
தபாலில் அனுப்பவா என்று கேட்டேன்.

தெம்பனிஸ் முகவரி ஒன்று வந்தது.
அதன் கீழே, கேட்காமலே, ஒரு படம்:
தடுப்பின் மேல் நீண்டிருக்கும் கை,
விரலிடுக்கில் முன்மூடி,
மணிக்கட்டில் தலைமுடி கட்டும் ரப்பர்,
பின்னால் கலங்கித் தெரியும் வாயிலின் சிவப்பு.

யாருடைய கை என்று புரிய
ஒரு நொடி பிடித்தது.
பத்து வருடமும் நான் நின்றது
அந்த லென்ஸின் இந்தப் பக்கத்தில்.

உறையில் மூடியைப் போட்டு ஒட்டினேன்.
பிறகு படத்தைப் பெரிதாக்கி, இன்னும் பெரிதாக்கித்
தூசியைத் தேடிக்கொண்டிருந்தேன்.